இரண்டு நாவல்களோடு நின்ற கை

(பினாங்கு ஜோர்ஜ் டவுனில், ஞாயிற்றுக்கிழமை வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



"வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுவது எப்படி?" என்பது எனக்குத் தந்த தலைப்பு. இருபத்தாறு ஆண்டுகளாகப் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பதினான்கு கதைகள் கொண்ட ஒரு தொகுப்பு வெளிவந்திருக்கிறது. தலைப்பைக் கேட்டதும் என் நினைவுக்கு வந்தது நம் ஊர்த் தெருவைத் தன் நாவல்களில் எழுதி வைத்த வேறொரு மனிதர். அவரைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

இங்கே வருவதற்கு முன்னால் செட்டித் தெருவில் ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன். பெயர்ப்பலகையில் அதற்குப் பினாங்கு ஸ்திரீட் என்று பெயர். நம் பெரியவர்கள் வாயில் அது எப்போதும் செட்டித் தெருதான். இப்போது துணிக்கடையும் பணம் மாற்றும் கடையும் பாட்டுச் சத்தமுமாக இருக்கிறது. ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தில் வரிசையாகச் செட்டியார்களின் வட்டிக்கடைக் கிட்டங்கிகள் இருந்தன. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஆட்கள் தரையில் சம்மணமிட்டு, சாய்வு மேசைப்பெட்டியின் முன்னால் கணக்கெழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த உலகத்தைத் தமிழில் யார் எழுதி வைத்தார்கள் என்று கேட்டால் ஒரே ஒரு பெயரைத்தான் முதலில் சொல்ல முடியும். ப. சிங்காரம்.

சிங்காரம் 1920-இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். 1938-இல், பதினெட்டு வயதுப் பையனாக, கடல் கடந்து சுமத்ராவில் உள்ள மெடானுக்கு வட்டிக்கடை வேலைக்கு வந்தார். ஜப்பான்காரன் வந்த காலம், போன காலம் இரண்டையும் இந்தக் கரைகளில் இருந்தே பார்த்தார். அங்கேயே திருமணம் நடந்தது. மனைவியையும் முதல் குழந்தையையும் பிரசவத்தில் பறிகொடுத்தார். 1946-இல் ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டு மதுரையில் 'தினத்தந்தி' நாளிதழில் சேர்ந்து 1987 வரை, நாற்பது ஆண்டுகள், அங்கேயே வேலை பார்த்தார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் ஓர் அறை. அவ்வளவுதான் அவருடைய வீடு.

அந்த மனிதர் இரண்டு நாவல்கள் எழுதினார். 'கடலுக்கு அப்பால்' நாவலின் ஆட்கள் நம் பினாங்கில்தான் கணக்கெழுதுகிறார்கள், காதலிக்கிறார்கள், பிரிகிறார்கள். 'புயலிலே ஒரு தோணி'யின் பாண்டியன் தொங்கான் படகில் ஏறிப் புயலில் சிக்கித் தப்பி இந்தத் தீவில்தான் வந்து இறங்குகிறான். இந்த இரண்டையும் படித்துவிட்டு செட்டித் தெருவில் நடந்து பாருங்கள். கால் தரையில் படுகிற விதமே மாறிவிடும்.

பத்திரிகை அலுவலக வேலை எப்படிப்பட்டது என்று இங்கே இருக்கும் நிருபர் நண்பர்களுக்குத் தெரியும். நாள் முழுக்க எழுத்தோடு மல்லாட வேண்டும், அந்த எழுத்தில் ஒரு வரிகூட நம்முடையதாக இருக்காது. அறைக்குத் திரும்பும்போது கையில் சொல்லே மிச்சம் இருக்காது. இருந்தும் சிங்காரம் எழுதினார். 1950-இல் முதல் நாவலை முடித்தார், அப்போது அவருக்கு முப்பது வயது. 1962-இல் இரண்டாவதை முடித்தார். ஆக, வேலை அவரைத் தடுக்கவில்லை. இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

முதல் நாவல், எழுதிய ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு 1959-இல்தான் புத்தகமானது. அதுவும் 'கலைமகள்' நடத்திய நாராயணசாமி ஐயர் நினைவுப் போட்டியில் பரிசு பெற்றதால். இரண்டாவது நாவலின் கையெழுத்துப்படி பத்து ஆண்டுகள் கிடந்து, 1972-இல் கலைஞன் பதிப்பகம் வழியாக வெளிவந்தது. இன்று தமிழின் மிகச் சிறந்த நாவல்களின் பட்டியலை யார் போட்டாலும் 'புயலிலே ஒரு தோணி' அதில் இருக்கிறது. அந்த நாவல்தான் பத்து ஆண்டுகள் யாருக்கும் வேண்டாத கட்டாகக் கிடந்தது.

அதற்குப் பிறகு சிங்காரம் நாவல் எழுதவில்லை. 1987-இல் வேலையிலிருந்து விலகினார். 1997 டிசம்பர் 30 அன்று காலமானார். நடுவில் முழுசாகப் பத்து ஆண்டுகள். அலுவலகம் கிடையாது, குடும்பப் பொறுப்பு கிடையாது, காலையில் எழுந்தால் இரவு வரை நேரம். நாமெல்லாம் ஏங்குகிற வாழ்க்கை. "ஓய்வு பெற்ற பிறகு உட்கார்ந்து எழுதுவேன்" என்று இந்த அறையில் எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்! நானும் சொல்லியிருக்கிறேன். அந்த ஓய்வு சிங்காரத்துக்குக் கிடைத்தது. நாவல் வரவில்லை.

இதை எப்படிப் புரிந்துகொள்வது என்று பல ஆண்டுகள் யோசித்திருக்கிறேன். எனக்குக் கிடைத்த பதில் இதுதான்: நேரம் இல்லாத காலத்தில் எழுதிய கை, நேரம் இருந்த காலத்தில் நின்றுபோனதற்குக் காரணம், வாசிக்கும் பக்கத்தில் யாரும் காத்திருக்கவில்லை என்பதுதான். எழுதியதைக் கொண்டுபோய்ப் பதிப்பாளர் வாசல்களில் நின்று நின்று மனம் வெறுத்துப்போனது. அடுத்த நாவலைக் கேட்டு ஒரு கடிதம், ஒரு நண்பர், ஓர் ஆசிரியர் நச்சரித்திருந்தால், பினாங்கைப் பற்றி நமக்கு இன்னும் இரண்டு மூன்று நாவல்கள் கிடைத்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நம் இனம் இழந்த பெரிய சொத்துகளில் ஒன்று அது.

நேரம் முக்கியமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது நம் ஆட்களுக்குச் செய்கிற துரோகம். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-இல் தொடங்கியது. அன்றிலிருந்து தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்துப் பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போகிறோம். என் வீடு கடலுக்கு அந்தப் பக்கம், பட்டர்வொர்த்தில். காலை ஏழு மணி சிப்டுக்கு ஐந்தரைக்கே பஸ் வாசலில் நிற்கும். பாலம் கடந்து போய், பன்னிரண்டு மணி நேரம் நின்று, பாலம் கடந்து திரும்பும்போது இரவு எட்டரை. ஒரு நாளில் பதினைந்து மணி நேரம் போயிற்று. ஆறு மணி நேரம் தூங்கினால் மிச்சம் மூன்று. அதில் குளிப்பு, சாப்பாடு, பிள்ளையின் வீட்டுப்பாடம், அம்மாவின் மருந்து. ஓய்வு நாளில் முதல் நாள் தூக்கத்துக்குப் போய்விடும். இரவுச் சிப்டு முடிந்த வாரத்தில் அந்தத் தூக்கம்கூடச் சரியாக வராது. பகல் வெளிச்சம் கண்ணுக்குள் புகுந்து எழுப்பிவிடும்.

2023 ஜனவரி முதல் நாளிலிருந்து நம் நாட்டு வேலைச் சட்டத்தில் வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது 45 ஆகக் குறைந்தது. மூன்று மணி நேரம். நான் அதைச் செய்தியில் படித்தபோது, "வாரத்துக்கு ஒரு கதையின் நாலு பக்கம்" என்று மனத்துக்குள் கணக்குப் போட்டேன். ஆனால் மூன்று மணி நேரமும் ஓவர்டைமாகத் திரும்பிப் போய்விட்டது, ஏனென்றால் வீட்டுக் கடன் மூன்று மணி நேரம் குறையவில்லை. நம் எழுத்தாளர் சங்கங்கள் விழா எடுக்கின்றன, மாலை போடுகின்றன, நல்லது. வேலை நேரத்தைப் பற்றியும், கூலியைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசலாம். அதுவும் இலக்கியப் பிரச்சினைதான் என்பது என் கருத்து.

மலேசியத் தமிழில் சிறுகதை மலை போல் குவிந்திருக்கிறது, நாவல் குறைவு. இதற்கு அறிஞர்கள் பல காரணம் சொல்வார்கள். நான் சிப்டு வேலைக்காரனாகச் சொல்கிறேன்: சிறுகதை இரண்டு ஓய்வு நாளுக்குள் அடங்கும். அமெரிக்க எழுத்தாளர் ரேமண்ட் கார்வரும் இதையே எழுதியிருக்கிறார். இளம் வயதில் இரண்டு குழந்தைகள், மருத்துவமனையில் இரவில் துப்புரவு வேலை; ஒரே மூச்சில் உட்கார்ந்து முடிக்கக்கூடியதை மட்டுமே எழுத முடிந்தது என்கிறார். வாழ்க்கை எவ்வளவு நீளத்துக்கு நம்மை விடுகிறதோ அவ்வளவு நீளத்துக்குத்தான் எழுத்தும் வரும் போலிருக்கிறது.

ஆனாலும், அதே பதினைந்து மணி நேரத்தை வைத்துக்கொண்டு நான் எழுதிய காலமும் உண்டு, எழுதாத காலமும் உண்டு. என் தொகுப்பிலுள்ள பதினான்கு கதைகளில் பதினொன்று ஆறே ஆண்டுகளில் எழுதியவை. அந்த ஆறு ஆண்டுகளும் ஒரு மாத இதழ் ஆசிரியர் ஒவ்வொரு மாதமும் இருபதாம் தேதி வாக்கில் எனக்குப் போன் செய்வார். வணக்கம் சொல்லி, நலம் விசாரித்து, "கதை எங்க வந்து நிக்குது ஐயா?" என்பார். கோபிக்க மாட்டார், குறை சொல்ல மாட்டார். கேட்டுவிட்டு வைத்துவிடுவார். அந்தக் கேள்வி இருபதாம் தேதியிலிருந்து என் கூடவே வரும். மைக்ராஸ்கோப்பில் கண் வைத்திருக்கும்போது வரும், பாலத்தில் பஸ் நெரிசலில் நிற்கும்போது வரும். இதழ் நின்றுபோனது. ஆசிரியரும் கண்ணை மூடிவிட்டார். அடுத்த ஒன்பது ஆண்டுகளில் நான் எழுதியது மூன்றே கதைகள். அதே தொழிற்சாலை, அதே சிப்டு. பிள்ளைகள்கூட வளர்ந்துவிட்டார்கள், உண்மையில் நேரம் கூடியிருந்தது. சிங்காரத்தின் அறை எனக்குப் புரிந்தது அப்போதுதான்.

இன்னும் பின்னால் போகிறேன். நான் பிறந்தது செபராங் பிறையில் ஒரு கித்தாத் தோட்டத்தில். அப்பா நாலு மணிக்கு எழுவார், அம்மா அதற்கும் முன்னால். இருட்டோடு பெரட்டு. பெயர் கூப்பிட்டு, நிரை பிரித்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் சீவப் போவார்கள். சீவி முடித்து, மங்குகளில் பால் நிறைந்ததும் எடுத்து ஸ்டோருக்குத் தூக்கிப் போய் நிறுத்துவிட்டு வரும்போது மதியம் தாண்டியிருக்கும். எங்கள் தோட்டத்தில் ஒரு கிராணியார் இருந்தார். செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டை எழுதுகிற சின்னக் கிராணி. அவர் கதை எழுதுவார். ராத்திரியில் எல்லா லயங்களும் இருட்டாக இருக்கும்போது அவர் வீட்டு ஜன்னலில் மட்டும் மண்ணெண்ணெய் விளக்கு எரியும். "கிராணியார் கதை எழுதுறாரு, சத்தம் போடாதீங்கடா" என்று அம்மா எங்களை அதட்டுவார்.

அவர் கதை ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வரும். எல்லா வாரமும் வராது. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஞாயிறு காலையில் தோட்டத்துக் கடை முன்னால் ஆட்கள் கூடிவிடுவார்கள். படிக்கத் தெரிந்த ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். பசியாறிக்கொண்டே கேட்பார்கள். கதை முடிந்ததும் வாக்குவாதம் நடக்கும். "அந்தப் பொண்ணு ஏன் திரும்பிப் போவணும்? போயிருக்கக் கூடாது" என்பார் ஒருவர். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெரியம்மா இருந்தார். மறுநாள் பெரட்டில் கிராணியாரைப் பார்த்து, "ஐயா, அடுத்தது என்னைக்குங்க?" என்று கேட்பார். நான் என் காதால் கேட்டிருக்கிறேன். கிராணியார் செக்ரோலைப் பார்த்தபடியே தலையை ஆட்டுவார், பதில் சொல்ல மாட்டார். அன்று ராத்திரி ஜன்னலில் விளக்கு எரியும்.

மலேசியத் தமிழ் இலக்கியம் என்று நாம் இன்று பெருமையோடு சொல்வதில் பெரும்பகுதி இப்படித்தான் உருவானது. எழுதியவர்கள் ஆசிரியர்கள், கிராணிகள், பால்மரம் சீவியவர்கள். யாருக்கும் எழுத்து சோறு போடவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்தது. 1950களின் தொடக்கத்தில் 'தமிழ் நேசன்' நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். தோட்டத்திலிருந்தும் பட்டணத்திலிருந்தும் புதியவர்கள் அஞ்சலில் கதை அனுப்பினார்கள், அங்கே இரண்டு பேர் உட்கார்ந்து அவற்றைப் படித்தார்கள். யோசித்துப் பாருங்கள்: இருட்டில் எழுந்து வேலைக்குப் போகிற ஒருவருக்கு, கோலாலம்பூரில் தன் கதையைப் படிக்க ஓர் ஆள் இருக்கிறார் என்ற நினைப்பு எவ்வளவு பெரிய பலம்!

சில ஆண்டுகளில் கு. அழகிரிசாமி அதே 'தமிழ் நேச'னுக்கு ஆசிரியராக வந்தார். தமிழின் மகத்தான சிறுகதைக்காரர், பத்திரிகை வேலைக்காகக் கோலாலம்பூரில் இருந்தார். அவருக்கும் அது பிழைப்புத்தான். இருந்தும் இங்கே இருந்த இளம் எழுத்தாளர்களைக் கூட்டி 'இலக்கிய வட்டம்' நடத்தினார், அவர்கள் எழுதியதைப் படித்துப் பேசினார். ஊரில் இடைசெவலில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்த கி. ராஜநாராயணனுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதங்கள் பின்னால் புத்தகமாகவே வந்திருக்கின்றன. ஒரு நண்பர் இன்னொரு நண்பருக்குக் காத்திருந்ததன் ஆவணம் என்றே அதை நான் படிக்கிறேன்.

நம் பினாங்கிலேயே ரெ. கார்த்திகேசு இருந்தார். கெடாவில் பிறந்து, வானொலியில் வேலை பார்த்து, பிறகு இங்கே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தகவல் தொடர்புத் துறைப் பேராசிரியராக இருந்தவர். வகுப்பு, ஆய்வு மாணவர், நிர்வாகக் கூட்டம் என்று அந்த வேலை சும்மா விடுகிற வேலை இல்லை. 'வானத்து வேலிகள்', 'தேடியிருக்கும் தருணங்கள்', 'அந்திம காலம்', 'காதலினால் அல்ல', 'சூதாட்டம் ஆடும் காலம்' என ஐந்து நாவல்கள் எழுதினார். சிறுகதைகள் தனி. 2016-இல் நம்மை விட்டுப் போனார். அவருடைய நாவல்களைவிட எனக்கு வியப்பாக இருப்பது, மற்றவர் எழுதியதை அவர் படித்துக்கொண்டே இருந்தார் என்பது. புதிதாக எழுத வந்தவர் புத்தகத்துக்கும் விமர்சனம் எழுதினார். தனக்கே நேரம் போதாத மனிதர் மற்றவருக்காகக் காத்திருந்தார்.

அதிகாலையில் எழுந்து எழுதுங்கள் என்று எல்லாரும் அறிவுரை சொல்வார்கள். அதற்கு எடுத்துக்காட்டாக ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிரோலப்பைச் சொல்வார்கள். தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே நாவல் எழுதத் தொடங்கி, மொத்தம் நாற்பத்தேழு நாவல்கள் எழுதியவர். காலை ஐந்தரைக்கு மேசையில் இருப்பார், கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 வார்த்தை. எல்லாம் உண்மை. ஆனால் இரண்டு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். தன்னை எழுப்புவதற்கென்றே வேலைக்காரர் ஒருவருக்கு ஆண்டுக்கு ஐந்து பவுன் கூடுதல் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார். அது மட்டுமா, அவருடைய பல நாவல்கள் தொடர்கதைகள். பத்திரிகை காத்திருந்தது, பதிப்பாளர் காத்திருந்தார், வாசகர் காத்திருந்தார்கள். அவ்வளவு பேர் காத்திருந்தால் நாமும் ஐந்தரைக்கு எழுந்துவிடுவோம்.

பெண்களைப் பற்றிப் பேசாமல் இந்த உரையை முடிக்க முடியாது. ஆணுக்கு மூன்று மணி நேரம் மிஞ்சினால் பெண்ணுக்கு அதுவும் மிஞ்சுவதில்லை. தமிழ்நாட்டில் துவரங்குறிச்சியில் கவிஞர் சல்மா எழுதியது எப்படி என்று உங்களில் பலருக்குத் தெரியும். வீட்டாருக்குத் தெரியாமல், இரவில் கழிப்பறையில் நின்றுகொண்டு, கிடைத்த துண்டுக் காகிதத்தில் எழுதினார். அதை அவருடைய அம்மா மறைத்து வெளியே கொண்டுபோய், பதிப்பாளர் கைக்குச் சேர்ப்பித்தார். அந்த அம்மாவை நினைத்துப் பாருங்கள். அவர் ஒரு வரி எழுதியவரில்லை. அவர் இல்லாவிட்டால் அந்தக் கவிதைகளும் இல்லை.

என் தொழிற்சாலையில் ஒரு தங்கை இருக்கிறார், பேர் சொன்னால் கூச்சப்படுவார். ஆப்பரேட்டர் வேலை, மூன்று பிள்ளைகள், மாமியார் படுக்கையில். அவர் பஸ்ஸில் கவிதை எழுதுகிறார். சம்பளச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். பத்து மணித் தேநீர் இடைவேளை பதினைந்து நிமிடம். கேண்டீனில் ஒரு மூலை மேசையில் மூன்று தோழிகள் அவருக்கு இடம் பிடித்து வைத்திருப்பார்கள். அவர் வந்து மடிப்பைப் பிரித்துப் படிப்பார். தோழிகளில் ஒருத்தர் தமிழ்ப்பள்ளியில் படிக்காதவர். காதால் கேட்டுத்தான் அவருக்குக் கவிதை. "நேத்து அந்த மழையில பாதியில நிறுத்துனீங்களே, மிச்சம் எங்க கா?" என்று அவர் கேட்டதை நான் பக்கத்து மேசையில் இருந்து கேட்டேன். எங்கள் தோட்டத்துப் பெரியம்மாவின் குரல் அப்படியே காதில் விழுந்தது. அந்தத் தங்கை கடந்த மூன்று ஆண்டுகளில் என்னைவிட அதிகமாக எழுதியிருக்கிறார். என்னைவிட நன்றாகவும்.

'தமிழ் நேசன்' 1924-இல் தொடங்கியது. 2019 ஜனவரியோடு நின்றது. மற்ற இதழ்களும் ஒவ்வொன்றாகச் சுருங்கிவருகின்றன. ஞாயிற்றுக்கிழமைக்காகக் கூடிய கூட்டம் கலைந்துவிட்டது. இப்போது எல்லாரும் எழுதியதும் போடலாமே, முகநூல் இருக்கிறது, புலனம் (வாட்ஸ்அப்) இருக்கிறது என்பீர்கள். நானும் இருநூறு பேர் உள்ள ஒரு புலனக் குழுவில் இருக்கிறேன். கதையைப் போட்டால் ஐந்து நிமிடத்தில் நாற்பது கட்டைவிரல் வரும். மூவாயிரம் வார்த்தைக் கதையை ஐந்து நிமிடத்தில் யார் படித்தார்கள்? அந்தப் பாராட்டை நான் குறை சொல்லவில்லை, அன்பில்தான் செய்கிறார்கள். ஆனால் அது அடுத்த கதையை எழுத வைப்பதில்லை. அதோடு, கிடைத்த முக்கால் மணி நேரத்தில் அரை மணி நேரத்தைக் கைப்பேசி தின்றுவிடுகிறது. எழுத உட்கார்ந்தால் கை தானாக அதை எடுக்கிறது. நான் இப்போது எழுதும் நேரத்தில் கைப்பேசியை மனைவியிடம் கொடுத்துவிடுகிறேன். கேட்டாலும் கொடுக்காதே என்று சொல்லி வைத்திருக்கிறேன், அவரும் கொடுப்பதில்லை. கவனத்தைக் காப்பதற்குக்கூட இன்னொரு ஆள் வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை தரும் இடங்களும் உண்டு. ம. நவீன் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் வேலையில் இருந்துகொண்டே நண்பர்களோடு 'வல்லினம்' இலக்கிய இதழை நடத்துகிறார், நாவலும் எழுதுகிறார். மா. சண்முகசிவா மருத்துவர், நாள் முழுக்க நோயாளிகளைப் பார்த்துவிட்டுக் கதை எழுதியவர், இளையவர்கள் கதையைக் கேட்டு வாங்கிப் படிப்பவர். இவர்களிடமெல்லாம் மந்திரம் ஒன்றுமில்லை. ஒருவர் எழுதுவதை இன்னொருவர் எதிர்பார்த்திருக்கும்படி ஒரு சின்ன வட்டத்தைக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

நாமும் ஒன்று கட்டலாம். ஏற்பாட்டாளர்களிடம் பேசிவிட்டேன். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை இந்த மண்டபம் நமக்குக் கிடைக்கும். மாலை, பொன்னாடை, வரவேற்புரை எதுவும் வேண்டாம். எழுதுகிறவர்கள் இரண்டு பக்கம் கொண்டுவாருங்கள். முடியாத கதையாக இருந்தாலும் சரி, பாதிக் கவிதையாக இருந்தாலும் சரி. உரக்கப் படியுங்கள், நாங்கள் கேட்கிறோம். எழுதாதவர்களை இன்னும் அதிகமாக வேண்டி அழைக்கிறேன். நீங்கள் வந்து உட்கார்ந்து கேட்டு, போகும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனால் போதும்: "அடுத்தது என்னைக்கு?"

கேண்டீன் மேசைத் தங்கையும் மூன்று தோழிகளும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆசிரியர்களே, உங்கள் மேசை இழுப்பறையில் பாதியில் கிடக்கும் கதையை எடுத்து வாருங்கள். படகில் வருகிறவர்கள் ஒன்பது மணிக்கே பட்டர்வொர்த் துறையில் இருங்கள், நான் அங்கே நிற்பேன், சேர்ந்தே வரலாம்.